திருக்கடையூரில் மணிவிழா: பினாங்கிலிருந்து குடும்பத்தோடு புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு அறுபது நிறைவடையும் ஆண்டில் திருக்கடையூருக்குக் குடும்பத்தோடு போய் மணிவிழா நடத்த வேண்டும் என்ற ஆசை பினாங்கிலும் கெடாவிலும் பேராக்கிலும் பல வீடுகளில் உண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியும், பிறகு பட்டணத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தும் பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோருக்கு, அந்தப் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் விழா இது. பலருக்கு இதுவே முதல் வெளிநாட்டுப் பயணமாகவும், முதல் விமானப் பயணமாகவும் அமைகிறது.

ஆனால் ஊர் திரும்பிய பிறகு பெற்றோர் பலர் சொல்வது, "போனோம், வந்தோம், எதுவும் நினைவில் இல்லை" என்பதுதான். பத்து நாளில் நாற்பது கோயில் என்று வேனில் ஏறி இறங்கி, நாளுக்கொரு விடுதியில் பெட்டியைத் திறந்து மூடி, மணிவிழா நாளுக்கு முன்பே கால் வீங்கிவிடுவதுதான் காரணம். விழா நாயகர்களே களைத்துப்போகும் பயணம் எவ்வளவு செலவு செய்தும் பயனில்லை. ஓர் ஊரில் தங்கி, அங்கிருந்து இரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பும் முறை வயதானவர்களுக்கு ஏற்றது. காவிரி வடிபகுதியின் இரயில் பாதைகள் அதற்கு வசதியாகவே அமைந்துள்ளன.

நாள் குறிப்பது

தமிழ் ஆண்டுகள் 60. பிறந்த ஆண்டின் பெயர் சுற்றி வந்து மீண்டும் பிறக்கும்போது அறுபது நிறைவடைகிறது. 1966 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து 1967 ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்தவர்கள் பராபவ ஆண்டில் பிறந்தவர்கள். அதே பராபவ ஆண்டு 2026 ஏப்ரலில் மீண்டும் பிறக்கிறது. அந்த ஆண்டில், பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் செய்வது சஷ்டியப்த பூர்த்தி. எழுபதில் செய்வது பீமரத சாந்தி, எண்பதையொட்டிச் செய்வது சதாபிஷேகம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை பிறந்து வாரங்களோ மாதங்களோ கழித்துப் பதிவு செய்ததால், அடையாள அட்டையில் உள்ள தேதி உண்மையான பிறந்த நாளாக இல்லாமல் இருக்கலாம். சாதகம் எழுதி வைத்த வீடுகளும் குறைவு. வீட்டில் மூத்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், "தைப்பூசத்துக்கு முந்தின வாரம்", "தீபாவளி கழிந்து மூன்றாம் நாள்" என்பது போன்ற நினைவுகளைக் கேட்டு, அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதுவுமே தெரியாவிட்டால் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு நட்சத்திரம் கணிக்கும் வழக்கமும் உண்டு. திருக்கடையூரில் ஆண்டு முழுவதும் இந்தச் சடங்குகள் நடப்பதால், நட்சத்திரம் சரியாக அமையவில்லை என்று பயணத்தையே கைவிட வேண்டியதில்லை.

தாயோ தந்தையோ தனியாக இருக்கும் குடும்பங்களும் தயங்குவதுண்டு. தம்பதியராகச் செய்வது சஷ்டியப்த பூர்த்தி. துணையை இழந்தவருக்கு ஆயுள் வேண்டி ஆயுஷ் ஹோமமும் அர்ச்சனையும் செய்யலாம். துணை இல்லாத அம்மாவுக்கும் அறுபது ஒரு பெருநாள்தான்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காவிரி வடிபகுதியில் கொட்டும், சில நாட்களில் இரயில்களும் தடைபடும். நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கோயில் கல்தரையில் கால் வைக்க முடியாத வெயில். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பெரியவர்களுக்கு இதமானவை. தை அமாவாசையில் திருக்கடையூரில் கூட்டம் அலைமோதும். அன்று அபிராமி பட்டருக்காக அம்மன் நிலவு காட்டிய நிகழ்வு அங்கே விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

கடப்பிதழ், விசா

பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட் கட்டணம். 60 வயதை எட்டியவர்களுக்கு 100 ரிங்கிட். மணிவிழா காணும் பெற்றோர் இந்தச் சலுகைக்கு உரியவர்களா என்பதை விண்ணப்பிக்கும்போது குடிநுழைவுத் துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

குடும்பத்தில் யாராவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தால் அதுதான் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி. நிரந்தரவாசிக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. எந்தப் பயண ஆவணம் கிடைக்கும், அதைக் கொண்டு இந்திய விசா பெறவும் நாடு திரும்பவும் முடியுமா என்பதைக் குடிநுழைவுத் துறையிலும் இந்தியத் தூதரகத்திலும் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும். எல்லாருக்கும் சீட்டு எடுத்துவிட்டு, கடைசியில் பாட்டியை மட்டும் வீட்டில் விட்டுச் செல்லும் நிலை வரக்கூடாது.

மலேசியர்கள் இந்தியாவுக்கு மின்விசா பெறலாம். இந்திய அரசின் அதிகாரப்பூர்வ தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். அதைப்போலவே தோற்றம் தரும் தனியார் தளங்கள் பல மடங்கு கட்டணம் வாங்குகின்றன. 30 நாள் சுற்றுலா மின்விசாவுக்குப் பயணத்துக்கு முந்திய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம், குறைந்தது நான்கு நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுத வேண்டும். தாய் தந்தையர் பிறந்த ஊரையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள், அதை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்வது நல்லது. 2025 அக்டோபர் முதல், வெளிநாட்டவர் பயணத்துக்கு முன்பே இணையத்தில் மின் வருகை அட்டை நிரப்பும் முறையும் வந்துள்ளது. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

எந்த வழியில் போவது

பினாங்கு பாயான் லெப்பாசிலிருந்து சென்னைக்கு நேரடி விமானச் சேவையை இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பரில் தொடங்கியது. கோலாலம்பூர் சென்று மாற வேண்டிய சிரமம் இதில் இல்லை. இரண்டாவது வழி கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் இரயிலில் கேஎல் சென்ட்ரலுக்குச் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து விமான நிலையத்துக்கும் இரயில் உண்டு. திருச்சியின் புதிய முனையம் 2024இல் திறக்கப்பட்டது. சென்னையைவிட திருச்சியிலிருந்து திருக்கடையூர் கிட்டத்தில் இருப்பதால், விமானம் இறங்கிய பிறகான தரைப் பயணம் பாதியாகக் குறையும்.

முடிந்தால் சென்னையில் இறங்கி, திருச்சியிலிருந்து திரும்புவது நல்லது. வந்த வழியே மீண்டும் போகும் ஒரு நாள் மிச்சமாகும். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. முதல் இரண்டு நாள் பெரியவர்கள் விடியற்காலையிலேயே விழித்துக்கொள்வார்கள். அந்த விடியல் நேரம் கோயிலுக்கு ஏற்றது.

சென்னை எழும்பூர் பாதையில் பகலில் சோழன் விரைவு இரயிலும் இரவில் உழவன் விரைவு இரயிலும் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகச் செல்கின்றன. பகல் வண்டியில் கொள்ளிடம் தாண்டியதும் இருபுறமும் வயல் தெரியும். பெரியவர்கள் அதையே பார்த்துக்கொண்டு வருவார்கள். நிலையப் பணிகளால் சில வண்டிகள் எழும்பூருக்குப் பதில் தாம்பரத்திலிருந்து புறப்படுவதுண்டு. புறப்படும் இடத்தை முதல் நாளே உறுதிசெய்ய வேண்டும்.

தங்குமிடம் மயிலாடுதுறை

திருக்கடையூருக்கு இரயில் கிடையாது. அருகிலுள்ள சந்திப்பு மயிலாடுதுறை, அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2020இல் தனி மாவட்டமான ஊர் இது. வடக்கே சிதம்பரம், மேற்கே கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, தெற்கே திருவாரூர் என மூன்று திசைகளில் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. பெட்டியை ஒரே அறையில் வைத்துவிட்டு, கைப்பையோடு போய்வர இதைவிட வசதியான ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை. நிலையம் கடைத்தெருவிலிருந்து சற்றுத் தள்ளியிருப்பதால் ஆட்டோ தேவைப்படும். விடுதியில் மின்தூக்கி இருக்கிறதா, மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்ட பிறகே முன்பணம் கட்டலாம். மணிவிழாவுக்கு முந்தின இரவு மட்டும் திருக்கடையூரிலேயே தங்குவது நல்லது, சடங்குகள் அதிகாலையிலேயே தொடங்கிவிடும்.

விழா நாள்

மார்க்கண்டேயனுக்காக இறைவன் எமனை உதைத்து வீழ்த்திய தலம் திருக்கடையூர். அமிர்தகடேசுவரரும் அபிராமி அம்மையும் எழுந்தருளியுள்ள இந்தக் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் பொறுப்பில் உள்ளது. ஆயுளுக்கான வேண்டுதல்களுக்கு இந்தத் தலம் உரியதானது அந்தக் கதையால்தான்.

கலசங்கள் வைத்து ஹோமம் செய்து, அந்தக் கலச நீரைத் தம்பதியர் மேல் பிள்ளைகள் ஊற்றுவார்கள். பிறகு மாலை மாற்றி, மீண்டும் திருமாங்கல்யம் கட்டுவார்கள். கலசங்களின் எண்ணிக்கை, ஐயர்களின் எண்ணிக்கை, மண்டபம், சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வாய்ச்சொல்லில் முடிக்காமல், எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். கோயிலுக்குக் கட்டும் தொகைக்குத் தனியாக இரசீது பெற வேண்டும். வாசலில் வந்து அழைக்கும் தரகர்களைத் தவிர்க்கலாம். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எழுதிய தாளும் கடப்பிதழ் நகலும் கையில் இருக்கட்டும். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் சொல்வது வழக்கம்.

நகைகளில் விழாவுக்குத் தேவையானதை மட்டும் கொண்டு போவது நல்லது. மலேசியாவில் வாங்கிய இரசீதின் நகல் இருந்தால் சுங்கச் சோதனையில் விளக்கம் சொல்ல உதவும்.

இரயிலில் நான்கு பகல்கள்

சிதம்பரம்: வடக்கே சுமார் 37 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் நடராசர் கோயிலுக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பும் வழியில் வைத்தீஸ்வரன்கோவில் நிலையத்தில் இறங்கலாம். நோய் தீர்க்கும் தலம் என்பதால் பெரியவர்கள் விரும்புவார்கள். நாடி சோதிடத்துக்கு அழைப்பவர்கள் அங்கே அதிகம், போவதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே வீட்டில் முடிவு செய்துகொள்ளலாம்.

கும்பகோணம்: மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். ஆதி கும்பேசுவரர், சாரங்கபாணி கோயில்கள், மகாமகக் குளம் ஆகியவை ஊருக்குள்ளேயே உள்ளன. ஆட்டோவில் தாராசுரம் போய் இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலைக் காணலாம். யுனெஸ்கோ பட்டியலில் 2004இல் சேர்ந்த கோயில் அது. பித்தளை விளக்கும் வெற்றிலையும் டிகிரி காப்பியும் இந்த ஊரின் அடையாளங்கள். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அந்த மாசி மாதத்தில் இந்தப் பகுதியில் விடுதியோ இரயில் இடமோ கிடைப்பது அரிது.

தஞ்சாவூர்: சுமார் 70 கிலோமீட்டர். 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கே அரை நாள் வேண்டும். மீதி நேரத்தில் அரண்மனையும் சரசுவதி மகால் நூலகமும் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு இந்த நாள்தான் பிடிக்கும்.

நாகப்பட்டினம், நாகூர்: தெற்கே திருவாரூர் வழியாகப் போக வேண்டும். வண்டி மாற நேரலாம் என்பதால் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். பினாங்குக் குடும்பம் தவறவிடக் கூடாத நாள் இது. ஜார்ஜ்டவுன் சூலியா சாலையில் நாகூர் தர்கா நினைவாக ஒரு சிறிய தர்கா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிற்கிறது. அதன் மூலத்தலம் நாகூரில் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் அங்கே போகிறார்கள். வேளாங்கண்ணி மாதா கோயிலும் அருகில்தான். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தக் கூட்டமும் மெழுகுவர்த்தியும் புதிதாகத் தோன்றாது.

மலாயாவுக்கு ஆள் ஏற்றிய முக்கியத் துறைமுகம் நாகப்பட்டினம். ஒப்பந்தக் கூலிகளும், பிறகு கங்காணிகள் அழைத்து வந்தவர்களும் இங்கிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். பலர் ஜெரஜாக் தீவில் தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட பிறகே கரை சேர்ந்தார்கள். முதியோர் இன்றும் பேசும் ‘ரஜூலா’ கப்பல் 1920களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை இந்தக் கடலில் ஓடியது. அதன் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985இல் தீ விபத்துக்குள்ளானது. தாத்தா பாட்டி கப்பலேறிய கரையில், அவர்களின் பேரப்பிள்ளைகளோடு அப்பா நிற்பது நாற்பது கோயிலைவிட அதிகம் பேசும்.

திருக்கடையூரிலிருந்து சில கிலோமீட்டரில் தரங்கம்பாடி உள்ளது. 1620இல் டென்மார்க் நாட்டவர் கட்டிய கோட்டை கடற்கரையில் நிற்கிறது. அங்கே இரயில் இல்லை, விழா நாள் மாலையில் காரில் போய்க் காற்று வாங்கலாம்.

இரயில் சீட்டு

தொலைதூர வண்டிகளுக்கு முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. ஐஆர்சிடிசி தளத்தில் வெளிநாட்டு கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்ய வழி உண்டு, அதற்குச் சிறு கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கணக்கை முன்பதிவு திறக்கும் நாளுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். கடைசி நேரத் தட்கல் சீட்டை இணையத்தில் எடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் தேவை. நமக்கு ஆதார் இல்லை என்பதால் தட்கலை நம்பித் திட்டமிடக் கூடாது.

இரவு வண்டியானால் பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இணையச் சீட்டு உறுதியாகாவிட்டால் அதைக் கொண்டு ஏற முடியாது.

பகல் பயணங்களுக்கான குறுந்தூர வண்டிகளுக்கு முன்பதிவு தேவையில்லை. நிலையத்தில் சீட்டு வாங்கி ஏறலாம், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் காலை எட்டு, ஒன்பது மணி வண்டிகளில் அலுவலகக் கூட்டமும் மாணவர் கூட்டமும் இருக்கும். அதற்கு முந்திய வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். அன்றைய கடைசி வண்டியை நம்பியிராமல், அதற்கு முந்திய வண்டியில் திரும்புவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி தவறினாலும் பேருந்தும் வாடகைக் காரும் உண்டு, பதற வேண்டியதில்லை.

பெரியவர்களின் வேகம்

ஒரு நாள் வெளியே, மறுநாள் ஓய்வு என்பதே சரியான கணக்கு. பத்து நாள் பயணத்தில் வந்து சேர இரண்டு, விழாவுக்கு இரண்டு, இரயில் பகல்கள் நான்கு, ஓய்வுக்கு இரண்டு. இதற்குமேல் சேர்த்தால் ஏதாவது ஒன்று கெடும்.

கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். அந்த நேரத்தில் உணவும் நிழலும் எங்கே என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் சூடான கல்லில் நடக்காமல் காலுறை அணியலாம். விமான நிலையச் சக்கர நாற்காலியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடலாம். பயணக் காப்புறுதியில் வயது வரம்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கான விதியும் எப்படி என்று படித்துப் பார்க்க வேண்டும்.

செலவைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும்போது எல்லாருக்கும் சம பங்கு என்பது சில வீடுகளில் மனக்கசப்பைத் தருகிறது. சம்பளத்துக்கேற்ற பங்கு, அல்லது மூத்தவர் விமானச் சீட்டு, அடுத்தவர் விழாச் செலவு, இளையவர் உடன் நின்று பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்ளலாம். வர முடியாத பிள்ளையை விழா நேரத்தில் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

பூர்வீக ஊர்

பலருக்கு மனத்தில் இருக்கும் கடைசிக் கேள்வி, "நம்ம ஊர் எது?" என்பது. பாட்டி தாத்தாவின் பழைய இந்தியக் கடப்பிதழ், இறப்புச் சான்றிதழ், கப்பல் சீட்டு, தோட்டப் பதிவு எதிலாவது ஊர்ப் பெயர் இருக்கலாம். ஆங்கிலத்தில் கிராணி எழுதிய எழுத்து மாறியிருக்கும். தாலுகாவின் பெயரும் சேர்ந்து கிடைத்தால் தேடுவது எளிது. ஊர் தெரிந்தால் ஓய்வு நாட்களில் ஒன்றை அதற்குக் கொடுக்கலாம். சொந்தம் யாரையும் எதிர்பார்க்காமல், கையில் கொஞ்சம் பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, ஊர்க் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தாலே போதும். ஊர் தெரியாதவர்கள் நாகப்பட்டினக் கடற்கரையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

அறுபதில் ஏறி இறங்கும் கால்கள் எழுபதில் அப்படியே இருப்பதில்லை. பெற்றோருக்கு அறுபது நெருங்கும் வீடுகளில் கடப்பிதழ்களின் தேதியை இந்த வாரமே எடுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.